எவர்சில்வர் எப்போது துருப்பிடிக்கும், எப்போது பிடிக்காது

“ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் புதிதாக வாங்கிய கத்தியில் சில நாட்களிலேயே பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. பாத்திரம் கழுவும் சிங்க்கிலும் ஒரு துருக்கறை தெரிகிறது. பல வருடமாகப் புழங்கும் பழைய பாத்திரங்களிலோ ஒரு புள்ளிகூட இல்லை. காந்தம் கத்தியில் ஒட்டுகிறது, பாத்திரத்தில் ஒட்டவில்லை. போலியை வாங்கி ஏமாந்துவிட்டேனா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஏமாந்திருக்க வாய்ப்பு குறைவு. நிலைமை அமைந்தால் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் துருப்பிடிக்கும். நீங்கள் பார்த்திருப்பது மூன்று தனித்தனி விஷயங்கள். கத்தியில் புள்ளி வந்ததற்கு ஒரு காரணம், சிங்க்கில் கறை வந்ததற்கு வேறொரு காரணம். காந்தத்துக்கும் துருவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. உலோக அரிப்பைப் பற்றிய வேலையிலேயே இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு நல்ல பொருளைத் தூக்கிப் போடுகிறவர்களையும், அரிப்பைக் கொண்டுவரும் பழக்கத்தை விடாமல் தொடர்கிறவர்களையும் நிறையவே பார்க்கிறேன்.

எவர்சில்வரில் பெரும்பகுதி இரும்புதான். பாத்திரங்களுக்கு அதிகம் பயன்படும் 304 என்ற ரகத்தில் ஏறத்தாழ 70% இரும்பு, 18% குரோமியம், 8% நிக்கல். இவ்வளவு இரும்பு இருந்தும் துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம். உலோகத்தில் குறைந்தது 10.5% குரோமியம் இருந்தால்தான் அதை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றே வகைப்படுத்துவார்கள். அந்த அளவுக்கு மேல் போனதும், மேற்பரப்பில் இருக்கும் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, முழுப் பரப்பையும் விடாமல் மூடுகிற ஒரு ஆக்சைடு படலத்தை உண்டாக்கிவிடுகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமனே 50,000 நானோமீட்டருக்கு மேல் என்றால் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது. உலோகத்தின் பளபளப்பு அப்படியே வெளியே தெரியும்.

சாதாரண இரும்பில் வரும் துருவும் ஆக்சைடு வகைதான். ஆனால் அது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, பொருபொருவென்று உப்பி, உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே வரும், அதுவும் துருவாகும். இப்படியே முழுத்தகடும் தின்னப்பட்டுவிடும். குரோமியம் ஆக்சைடு நெருக்கமானது, உலோகத்தோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், அடியில் இருப்பதற்கு ஈரத்தை விடாது. அப்புறம், இதுதான் முக்கியம்: கரண்டியால் கீறினாலும், தேய்த்துக் கழுவினாலும், கீறிய இடத்தில் காற்று பட்டவுடன் படலம் தானாகவே மறுபடி உருவாகிவிடும். பெயின்ட்டோ முலாமோ இப்படிச் செய்யாது. ஒருமுறை பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். பல வருடம் தேய்ந்தும் உங்கள் பழைய பாத்திரங்கள் அப்படியே இருப்பதன் காரணம் இதுதான்.

ஆக, துருவை எதிர்ப்பது அந்த உலோகக் கட்டி முழுவதும் அல்ல, மேலே இருக்கும் அந்தப் படலம். அதற்கு ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், உப்பில் இருக்கும் குளோரைடு அதன் மேல் தேங்கி நிற்கக் கூடாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் வீட்டில் நடக்கிற பெரும்பாலான துருவுக்கு நீங்களே காரணம் சொல்லிவிடலாம்.

முதலில் கத்தி. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் ஹாரி பிரியர்லி என்ற உலோக வல்லுநர், சீக்கிரம் தேய்ந்துபோகாத துப்பாக்கிக் குழலுக்காக இரும்பில் குரோமியம் சேர்த்துச் சோதித்துக்கொண்டிருந்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக மாதிரிகளை அமிலத்தால் அரிக்க வைப்பது வழக்கம். 12.8% குரோமியமும் 0.24% கார்பனும் கொண்ட மாதிரியை அமிலம் சரியாக அரிக்கவில்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட ஒன்றும் செய்யவில்லை. இது கத்திக்கு உதவும் என்று அவருக்குத் தோன்றியது, ஷெஃபீல்ட் கத்திக்குப் பேர்போன ஊரும்கூட. ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில், குரூப் நிறுவனத்தில் பென்னோ ஸ்ட்ராஸும் எட்வர்ட் மவுரரும் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்து வேறு வகையான ஸ்டீலை உருவாக்கினார்கள். இன்று வீட்டில் இருக்கும் கத்தி முதல் வகையின் வாரிசு, பாத்திரம் இரண்டாம் வகையின் வாரிசு. பெயர் ஒன்றாக இருந்தாலும் குணத்தில் இரண்டும் தூரத்து உறவுதான்.

கத்திக்குக் கூர்மை நிற்க வேண்டும். அதற்குக் கடினம் வேண்டும், கடினத்துக்குக் கார்பன் வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கார்பனுக்குக் குரோமியத்தின் மேல் பிரியம் அதிகம். இரண்டும் சேர்ந்து கார்பைடு என்ற கடினமான துகள்களாகிவிடும். கத்தி கூர்மையாக இருக்க அவை உதவும். ஆனால் அப்படிச் சிக்கிக்கொண்ட குரோமியம் படலத்துக்கு உதவாது. கத்தியின் மேல் 13% என்று எழுதியிருந்தாலும், படலத்துக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. சாதாரணக் கத்திகளில் வரும் 420 ரகத்தில் குரோமியம் 12 முதல் 14% வரைதான், நிக்கல் கிடையாது. வரம்பான 10.5 பக்கத்திலேயே நிற்கிறது. விலை உயர்ந்த சமையல் கத்திகளிலும் 15% குரோமியம், 0.5% கார்பன், கொஞ்சம் மாலிப்டினமும் வனேடியமும் என்ற அளவுதான் பரவலாகக் காணப்படுகிறது. கூர்மையும் துரு எதிர்ப்பும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துத்தான் ஒரு கத்தி உருவாகிறது.

அதனால் கத்தியில் துருப்புள்ளி வந்தால் பெரும்பாலும் அதைக் கையாண்ட விதம்தான் காரணம். பழத்தை நறுக்கிவிட்டு அப்படியே சிங்க்கில் போட்டு, மறுநாள் காலை கழுவுவது. ஈரத்தோடு உறைக்குள் செருகுவது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவது, இதுதான் எல்லாவற்றிலும் மோசம். அங்கே சூடு இருக்கிறது, உணவிலிருந்து வந்த உப்பு இருக்கிறது, காரமான சோப்பு இருக்கிறது, கழுவி முடித்ததும் மூடிய கதவுக்குள் மணிக்கணக்கில் ஈரப்புழுக்கம் இருக்கிறது. மற்றப் பாத்திரத்தோடு உரசி கூரும் மழுங்கிவிடும். வேலை முடிந்ததும் கழுவி, துணியால் துடைத்து, உலர வைத்துவிட்டால் அதே கத்தி பல வருடத்துக்குச் சுத்தமாக இருக்கும். புள்ளி வந்துவிட்ட கத்தியைப் போலி என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும்.

அடுத்து சிங்க். சிங்க் வழக்கமாக 304-ல்தான் வரும், உங்கள் பாத்திரத்தின் அதே ரகம். அதில் துரு தெரிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது வேற்று இரும்பைத்தான். இரும்புக் கம்பி நாரால் தேய்த்தால் அதிலிருந்து மயிரிழை போன்ற துணுக்குகள் உடைந்து பரப்பில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஈரம் பட்டதும் அவைதான் துருப்பிடிக்கும், பழி எவர்சில்வர் மேல் விழும். அடிப்பக்கம் ஈரமாக இருக்கும் தகர டப்பாவையோ வார்ப்பிரும்புச் சட்டியையோ ராத்திரி முழுக்க சிங்க்கில் விட்டுவிட்டால், காலையில் அதன் விளிம்பு அளவுக்கே ஒரு பழுப்பு வளையம் இருக்கும். பழைய இரும்புக் குழாய் வழியாக வரும் தண்ணீர், பக்கத்தில் யாராவது இரும்பை வெட்டும்போது பறக்கும் பொறி, எல்லாமே இதைச் செய்யும்.

வேற்றுத் துருவா, சொந்தத் துருவா என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். சமையல் சோடாவைக் குழைத்து, மெத்தென்ற துணியில் எடுத்து, தகட்டில் ஓடும் கோடுகளின் திசையிலேயே தேயுங்கள். பழுப்பு போனதும் நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் பரப்பு வழவழப்பாக, சுற்றியிருக்கும் இடத்தைப் போலவே இருந்தால் அது வெளியிலிருந்து வந்த துரு. உங்கள் சிங்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே ஊசிமுனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி மிச்சமிருந்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் குழியாகத் தெரிந்தால், அது உலோகத்தையே அரித்திருக்கிறது. சோடாவுக்கு அசையாத கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த சுத்தம் செய்யும் தூள் நன்றாக வேலை செய்யும். சிட்ரிக் அமிலக் கரைசலும் உதவும். வேற்று இரும்பை இவை கரைத்து எடுத்துவிடும், ஸ்டீலைத் தொடாது. தொழிற்சாலைகளிலும் பாகங்களைச் செய்து முடித்தபின் மேலே ஒட்டியிருக்கும் இரும்பைப் போக்கி, படலம் ஒழுங்காக உருவாக, நைட்ரிக் அமிலத்திலோ சிட்ரிக் அமிலத்திலோ முக்கி எடுக்கிறார்கள். வீட்டில் செய்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

சரி, சொந்தமாகக் குழி விழுவது எப்படி? இங்கேதான் குளோரைடு வருகிறது. உப்பு, வியர்வை, கடல் காற்று, ப்ளீச்சிங் திரவம், தரையும் கழிப்பறையும் கழுவும் அமிலம் எல்லாவற்றிலும் குளோரைடு இருக்கிறது. படலத்தில் பலவீனமான ஒரு புள்ளி எப்போதும் எங்காவது இருக்கும். ஸ்டீலுக்குள் இருக்கும் மாங்கனீசு சல்ஃபைடு துணுக்குகள் அப்படிப்பட்ட இடங்கள். குளோரைடு அங்கே படலத்தை உடைக்கும். உடைந்த இடத்தில் உலோகம் கரையும். கரைந்த உலோக அயனிகள் தண்ணீரோடு வினைபுரிந்து குழிக்குள் அமிலத்தை உண்டாக்கும். மின்சமநிலைக்காக வெளியிலிருந்து இன்னும் குளோரைடு உள்ளே ஓடிவரும். குழிக்குள் ஆக்சிஜனும் தீர்ந்துவிடும், அதனால் படலம் திரும்ப உருவாக முடியாது. உள்ளே கிட்டத்தட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலே தேங்கி நின்று, குழி தன்னைத்தானே ஆழப்படுத்திக்கொண்டு போகும். மேலே சுற்றியிருக்கும் பரப்போ பளிச்சென்று இருக்கும். இரும்பு துருப்பிடித்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், மொத்தமாக மெலியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அப்படி இல்லை. 99 பங்கு பரப்பு புதிதாக இருக்க, ஒரு புள்ளியில் ஊடுருவி ஓட்டை விழும். தண்ணீர்த் தொட்டி ஒழுக ஆரம்பித்தபின் “வெளியே பார்க்க நன்றாகத்தானே இருந்தது” என்று சொல்கிறார்களே, அவர்கள் சொல்வது உண்மைதான்.

இதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமானால் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டுவிட்டு அடுப்பை ஏற்றினால், உப்புக்கல் கரையும் வரை அடியில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கல்லைச் சுற்றி மட்டும் மிக அடர்த்தியான உப்புக் கரைசல். கீழே சூடு. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் குமிழிகளாக வெளியேறிவிடும். குளோரைடு அதிகம், ஆக்சிஜன் குறைவு, வெப்பம் அதிகம் என்று மூன்றும் ஒரே புள்ளியில் சேர்கின்றன. கழுவியபின் அடியில் சின்னச் சின்னதாக வெளிறிய புள்ளிகள் தெரியும், தேய்த்தாலும் போகாது, விரலால் தடவினால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். அவை குழிகள். தண்ணீர் கொதித்தபின் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. அதே உப்பு முழுவதும் கரைந்து பரவியிருக்கும்போது 304 சமையல் நேரத்துக்குத் தாராளமாகத் தாங்கும். உப்பும் புளிப்பும் சேர்ந்த உணவைச் சமைக்கலாம், சாப்பிடலாம். நாள்கணக்கில் அதிலேயே போட்டு மூடி வைக்கக் கூடாது. அதற்குக் கண்ணாடியோ பீங்கானோ நல்லது.

ப்ளீச்சிங் திரவத்தை நான் உப்பைவிட ஒரு படி மேலான எதிரியாகவே வைப்பேன். அதில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் குளோரைடையும் கொண்டுவருகிறது, பலமான ஆக்சிஜனேற்றியாகவும் இருந்து அரிப்பை முடுக்கிவிடுகிறது. நீர்த்துப்போன கரைசல் சில நிமிடம் பட்டு உடனே அலசப்பட்டால் பரவாயில்லை. ராத்திரி முழுக்க ஊற வைத்தால் குழி நிச்சயம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த டைல்ஸ் கழுவும் திரவம் அதைவிடக் கெட்டது. அது பரப்பின் மேல் படக்கூட வேண்டாம். மூடி சரியாக இறுகாத பாட்டிலை சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்தால், அதிலிருந்து வரும் ஆவி மேலேறி ஸ்டீலில் படிந்து, சிங்க்கின் அடிப்பக்கத்தையும் கதவின் கீல்களையும் பழுப்பாக்கிவிடும். சமையலறையில் எல்லா ஸ்டீலும் ஒரே நேரத்தில் துருப்பிடிக்கத் தொடங்கினால் முதலில் அந்த பாட்டிலைத் தேடுங்கள். கறையைப் போக்கும் அவசரத்தில் ப்ளீச்சையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து.

ஆக்சிஜன் எட்டாத இடுக்குகளும் இதே மாதிரிதான் அரிக்கும். சிங்க்கில் எப்போதும் கிடக்கும் ரப்பர் விரிப்பு, ஈரமாகவே விடப்படும் ஸ்பாஞ்ச், திருகாணித் தலையின் அடி, தண்ணீர் பாட்டில் மூடியின் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம், பிய்க்காமல் விட்ட ஸ்டிக்கர். அடியில் ஈரமும் உப்பும் தங்கும், காற்று போகாது. திறந்த பரப்பு பளபளவென்று இருக்க, விரிப்பைத் தூக்கினால் அதன் கீழே மட்டும் துரு இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, காயவிட்டாலே போதும்.

இப்போது காந்தம். இது பரவலாக நம்பப்படுகிற ஒரு சோதனை, என் கணிப்பில் அது பலன் தருவதைவிடக் குழப்புவதுதான் அதிகம். 304 போன்ற நிக்கல் சேர்ந்த ரகங்களின் அணு அடுக்கு வேறு மாதிரி இருப்பதால் அவை காந்தத்தை ஈர்க்காது. கத்தி ரகமும், நிக்கல் இல்லாத 430 ரகமும் ஈர்க்கும். 430-ல் 16 முதல் 18% வரை குரோமியம் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு, ஸ்பூன், முள்கரண்டி, இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடித்தகடு போன்றவற்றுக்கு அது அதிகம் பயன்படுகிறது. உலர்ந்த உள்ளறைக்கு நன்றாகவே தாங்கும் ஸ்டீல் அது. மறுபக்கம், நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டி மலிவாகச் செய்யப்படும் 200 வரிசை ஸ்டீல்களும் காந்தத்தை ஈர்க்காது. அவற்றில் பலவும் 304-ஐவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பவை. சில ரகங்களில் குரோமியம் 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. காந்தத்தை மட்டும் நம்பி வாங்கினால் நல்ல 430-ஐ ஒதுக்கிவிட்டு மட்டமான 200 வரிசையை எடுத்துவருவீர்கள். போதாததற்கு 304 தகட்டையே அழுத்தி வளைத்து ஆழமான பாத்திரமாக்கினால், வளைந்த இடங்களில் லேசாகக் காந்தம் ஒட்டும். குளிர்நிலையில் உருமாற்றும்போது அதன் அணு அடுக்கில் ஒரு பகுதி மாறிவிடுவதே காரணம். அதனால் துரு எதிர்ப்பு பெரிதாகக் குறைவதில்லை.

ரகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பொருளில் பொறித்திருப்பதைப் பாருங்கள். 18/8, 18/10 என்றால் முதல் எண் குரோமியம், இரண்டாவது நிக்கல். 18/0 என்றால் நிக்கல் இல்லை, அதாவது 430 வகை. 18/8-க்கும் 18/10-க்கும் அன்றாடப் புழக்கத்தில் நீங்கள் வித்தியாசம் காண மாட்டீர்கள். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க நான் சொல்ல மாட்டேன். குளோரைடு தாக்குதலுக்கு உண்மையில் வித்தியாசம் தருவது மாலிப்டினம். 316 ரகத்தில் அது 2 முதல் 3% வரை இருக்கும். பொறியாளர்கள் குழி அரிப்பை எதிர்க்கும் வலுவை ஒரு எண்ணால் ஒப்பிடுவார்கள்: குரோமியத்தின் சதவீதம், மாலிப்டினத்தின் சதவீதத்தைப் போல 3.3 மடங்கு, நைட்ரஜனின் சதவீதத்தைப் போல 16 மடங்கு, இவற்றைக் கூட்ட வேண்டும். 430-க்கு 17 சுமார், 304-க்கு 19 சுமார், 316-க்கு 24 சுமார், கடல்நீர்க் குழாய்களுக்கும் ரசாயனத் தொட்டிகளுக்கும் போகும் 2205 ரகத்துக்கு 35 வரை வரும். நிக்கல் இந்தக் கணக்கிலேயே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நிக்கல் ஸ்டீலை வளைக்கவும் இழுக்கவும் வசதியாக்குகிறது, அமிலங்களைத் தாங்க உதவுகிறது. உப்பு போடும் குழியைத் தடுப்பது அதன் வேலை இல்லை.

வீட்டுக்குள் 304 போதும். கடலுக்கு அருகில் வெளியே நிற்கிற கைப்பிடிக் கம்பி, கதவு, விளக்குக் கம்பம் என்றால் 316 வாங்குங்கள். அதிலும்கூட கவனம் தேவை. கடல் காற்று கொண்டுவரும் உப்பு படிந்து, தேநீர்க் கறை போன்ற ஒரு மெல்லிய பழுப்பு நிறம் பரவும். பெரும்பாலும் அது மேலோட்டமானதுதான், கம்பி பலமிழக்காது. விசித்திரம் என்னவென்றால், மழை நேரடியாக அடிக்கும் பகுதி சுத்தமாக இருக்கும், கூரைக்கு அடியில் ஒதுங்கிய பகுதி பழுப்பாகிவிடும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது, ஒதுங்கிய இடத்தில் யாரும் கழுவுவதில்லை. பரப்பின் வழவழப்பும் பெரிய வித்தியாசம் தரும். சொரசொரப்பாகத் தேய்த்து விட்ட 316, கண்ணாடி போல மெருகேற்றிய 304-ஐவிட மோசமாகக் கறைபட வாய்ப்புண்டு. தேய்ப்புக் கோடுகள் குறுக்கே ஓடினால் அவற்றில் உப்புத்தண்ணீர் தங்கும், நெடுக்கே ஓடினால் வடிந்துவிடும். நல்ல தண்ணீரால் அவ்வப்போது கழுவிவிடுவதைப் போல மலிவான பாதுகாப்பு வேறு இல்லை.

இதே 304 சரியான சூழலில் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு மெக்சிகோவின் புரோக்ரேசோ துறைமுகப் பாலத்தைச் சொல்வேன். 1937 முதல் 1941 வரை கட்டப்பட்ட அது கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதன் கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பிகளைப் போட்டார்கள். பக்கத்திலேயே பின்னால் சாதாரண இரும்புக் கம்பியால் கட்டிய இன்னொரு பாலம் உப்பில் அரித்துச் சிதைந்துபோனது, பழையது நிற்கிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை படலத்துக்குத் துணை நிற்கிறது, அதனால் திறந்த கடல் காற்றில் கறைபடும் அதே ரகம் அங்கே பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கிறது.

வெல்டிங் செய்த இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கைப்பிடி பற்றவைத்த இடத்தை ஒட்டியே கோடு போட்டதுபோல் துரு வந்தால் காரணம் சூடுதான். பற்றவைக்கும்போது வரும் நீலமும் பழுப்புமான நிறப்பட்டையின் அடியில் குரோமியம் குறைந்த ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். அதை அமிலப் பசையாலோ நன்றாகத் தேய்த்தோ நீக்கிவிட வேண்டும். அவசரமாக வேலை முடிப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, ஏறத்தாழ 425 முதல் 815 டிகிரி வரையிலான வெப்பத்தில் அதிக நேரம் இருந்தால், கத்தியைப் பற்றிப் பேசும்போது சொன்ன அதே கார்பன், உலோக மணிகளின், அதாவது உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்களின், எல்லைகளில் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த எல்லைகள் பாதுகாப்பிழந்து அரிக்கும். இதைத் தவிர்க்கத்தான் கார்பனை 0.03 சதவீதத்துக்குள் நிறுத்திய 304எல், 316எல் ரகங்கள் இருக்கின்றன. வாசற்கதவோ தொட்டியோ செய்யச் சொல்லும்போது எல் ரகம் கேளுங்கள், வெல்டிங் நிறத்தை நீக்கித் தரச் சொல்லுங்கள்.

திருகாணி விஷயம் சுருக்கமாக. பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சாதாரண இரும்புத் திருகாணி போட்டால், ஈரத்தில் இரண்டும் மின்கலம் போலாகி, சின்னத் திருகாணி மிக வேகமாக அரித்துப்போகும். வழியும் துரு தகட்டின் மேல் தெரியும். தகட்டின் ரகத்திலேயே திருகாணியும் இருக்கட்டும்.

துரு என்று தவறாக நினைக்கப்படுபவையும் உண்டு. சூடேறிய பாத்திரத்தில் தெரியும் வானவில் நிறம், படலம் சற்றுத் தடித்ததால் ஒளி பிரிந்து தெரிவது. வெள்ளைத் திட்டுகள் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு. இரண்டுக்கும் கொஞ்சம் வினிகர் போதும். குளியலறைக் குழாயில் மேல் உரிந்து உப்பி வரும் துருவோ வேறு வகை. அந்தக் குழாய் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ்ஸே இல்லை, பித்தளை, துத்தநாகம் அல்லது இரும்பின் மேல் குரோமிய முலாம். முலாம் பெயர்ந்தால் தானாக ஆறாது, துடைத்துப் பயனில்லை.

கடைசியாக, குழி விழுந்ததை என்ன செய்வது? பாத்திரத்தின் அடியில் சில வெளிறிய புள்ளிகள் இருந்தால் தாராளமாகத் தொடர்ந்து பயன்படுத்தலாம், கரையும் இரும்பு மிகச் சொற்பம். குழிக்குள் அழுக்குத் தங்காதபடி நன்றாகக் கழுவிக் காயவைத்தால் போதும். தண்ணீர் கசிந்தால்தான் மாற்ற வேண்டும். கத்தியின் கூரில் புள்ளி இருந்தால் சாணை பிடித்தால் போய்விடும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் சமரசம் செய்ய மாட்டேன். பாரம் தாங்கும் கொக்கி, கம்பி, சங்கிலி, அதுவும் குளோரின் போட்ட உள்ளரங்க நீச்சல் குளத்தின் மேல் தொங்குபவை. 1985-ல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரையைத் தாங்கிய ஸ்டெயின்லெஸ் கம்பிகள், இழுவிசையும் குளோரைடும் சேர்ந்து உண்டாக்கிய விரிசலால் அறுந்து, கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அத்தகைய விரிசல் வெளியே துருவாகப் பெரிதும் காட்டிக்கொள்ளாது. எனவே அங்கே எந்தக் கம்பி என்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும், அந்தச் சூழலுக்கென்றே உள்ள மாலிப்டினம் மிகுந்த ரகங்கள் இருக்கின்றன. போட்டபின் குறித்த காலத்துக்கு ஒருமுறை இறக்கிச் சோதிக்க வேண்டும். சாதாரண 304, 316 கம்பிகளில் பாரம் தொங்குவது தெரிந்தால் பளபளப்பைப் பார்த்து விட்டுவிடாமல் மாற்றச் சொல்லுங்கள்.